சிரட்டை, பேணி, பீங்கான்: வன்னியில் கோப்பி வடிந்த பாத்திரங்கள்

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர்களின் சமையலறைகளில் அண்மைக்காலமாக ஒரு சிறு கருவி இடம்பிடித்திருக்கிறது. புனல் வடிவிலான ஒரு கிண்ணம், அதற்குள் கடதாசி வடி, வடிக்குள் கோப்பித்தூள். மேலிருந்து மெல்லிய தாரையாகச் சுடுநீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினால் கீழே தெளிந்த கோப்பி இறங்கும். இதில் ஈடுபாடு கொண்டவர்கள் கூடினால் எழும் விவாதம் ஒன்றுண்டு. அந்தப் புனல் பீங்கானாக இருக்கவேண்டுமா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, செம்பா, உருக்கா? எதில் வடித்தால் கோப்பி சுவைக்கும்?

துணிவடியில் தூளை இட்டு மேலிருந்து கொதிநீர் ஊற்றிய தேநீர்க் கடைகளையும் கொண்டாட்ட வீடுகளையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு இம்முறையில் பெரிய புதுமை ஏதுமில்லை. ஐரோப்பியரும் இதை ஒரு சமையலறைத் தகரவேலையாகவே தொடங்கினர். ஜேர்மனியின் திரெஸ்டன் நகரில் மெலிற்றா பென்ற்ஸ் என்ற இல்லத்தரசி 1908 இல் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் கொப்பியிலிருந்த ஒற்றுத்தாளைக் கிழித்து உள்ளே வைத்து வடித்ததே இன்றைய கடதாசி வடிகளுக்கெல்லாம் மூலம். (கொப்பி என்று இங்கே நான் சொல்வது அப்பியாசப் புத்தகத்தை. ஈழத்துத் தமிழில் கொப்பிக்கும் கோப்பிக்கும் இடையே ஒரு நெடிலே வேறுபாடு என்பதைத் தமிழக வாசகர்கள் பொறுத்தருள்க.)

வன்னியைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுப் பாத்திரத்தின் பௌதிகத்திலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு தெரிந்தால்தான் பின்னால் வரும் வரலாறு விளங்கும்.

பாத்திரம் கோப்பியின் சுவையைத் தொடும் முதல் வழி வெப்பம். பீங்கான் சூட்டைப் பிடித்துவைக்கும், ஆகவே பீங்கானே மேல் என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை. பிடித்துவைப்பதற்கு முன் பீங்கான் அந்தச் சூட்டை எங்கிருந்து எடுக்கிறது? நீரிலிருந்துதான். 400 கிராம் எடையுள்ள பீங்கான் புனல் ஒன்று வன்னியின் சாதாரண 30 பாகை வெயிலில் மேசைமேல் இருக்கிறது என்று கொள்வோம். அதில் 95 பாகையில் உள்ள 300 கிராம் நீரை ஊற்றி இரண்டும் ஒரே சூட்டுக்கு வரவிட்டால், நீர் ஏறத்தாழ 81 பாகைக்கு இறங்கிவிடும். 100 கிராம் எடையுள்ள மெல்லிய உருக்குப் பாத்திரத்தில் அதே நீர் 92 பாகைக்கு மேலேயே நிற்கும். இது மேலெல்லைக் கணக்கு. நடைமுறையில் பீங்கான் முழுவதும் சூடேறுமுன் நீர் வடிந்து போய்விடும். எனினும் போக்கு இதுதான். பாரமான பாத்திரம் முதலில் திருடும், பிறகு காக்கும். முன்கூட்டியே சுடுநீரால் கழுவிச் சூடாக்கிவிட்டால் திருட்டு நின்று காவல் மட்டும் எஞ்சும். தேநீர்க் கடைக்காரர் கண்ணாடிக் குவளையைச் சுடுநீரில் அலம்பிவிட்டு ஊற்றுவதில் சுத்தத்தோடு இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது.

பிளாஸ்டிக்கை இகழ்பவர்கள் அதிகம். ஆனால் வெப்பக் கணக்கில் அது கெட்டிக்காரப் பிள்ளை. எடை குறைவு, வெப்பத்தைக் கடத்துவதும் மிகக் குறைவு, ஆகவே நீரிலிருந்து எடுப்பது சொற்பம். உலோகங்களின் கதை வேறு. செப்பு, துருப்பிடிக்காத உருக்கைவிட இருபத்தைந்து மடங்கு அளவுக்கு வெப்பம் கடத்தும். அலுமினியம் அதற்கு அடுத்தது. பித்தளை அதற்கும் கீழே. மெல்லிய உலோகப் பாத்திரம் நீரிலிருந்து எடுப்பது குறைவானாலும், எடுத்ததை உடனே வெளிக்காற்றுக்கும் பிடித்திருப்பவரின் விரலுக்கும் கொடுத்துவிடும்.

சரி, சில பாகை வெப்பம் சுவையை எவ்வளவு மாற்றும்? சூடு குறைந்தால் தூளிலிருந்து சாறு இறங்குவது குறையும், கோப்பி மெலிந்து புளிப்புத் தூக்கலாகும் என்பது பொதுவிதி. ஆனால் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. 87, 90, 93 பாகைகளில் வடித்த கோப்பியை, செறிவும் இறங்கிய சாற்றின் அளவும் ஒன்றாக இருக்குமாறு சரிசெய்து பயிற்சி பெற்ற சுவைஞர்களுக்குக் கொடுத்தபோது, வெப்பநிலையால் வந்த வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. எனவே புனல் எதனால் ஆனது என்று நண்பர்களோடு முகம் முறிக்கும் அளவுக்கு அதில் விடயமில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவது வழிதான் பெரியது. அது பாத்திரம் கோப்பியோடு கலப்பது. கோப்பி மெல்லிய அமிலம். வெள்ளீயப் பூச்சுத் தேய்ந்த செப்பிலோ பித்தளையிலோ நேரம் கிடந்தால் உலோகம் கரைந்து நாவில் கசப்பான கறுவல் தட்டும். அதனால்தான் கலியாண வீட்டுக் கிடாரங்களுக்கு நவச்சாரம் தூவி ஈயம் பூசும் தொழிலாளர் ஒருகாலத்தில் வீடுவீடாக வந்தனர். இரும்பு இன்னும் மோசம். கோப்பியிலுள்ள குளோரோஜெனிக் அமிலமும் தேயிலையின் துவர்ப்புப் பொருளும் இரும்போடு சேர்ந்தால் மைபோலக் கறுக்கும். பழைய காலத்து எழுத்து மையே இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கலவைதான். மண்சட்டி வேறு வகை. மெருகிடாத மண்ணில் நுண்துளைகள் உண்டு. அவை கோப்பி எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாள்பட அது காறும். புதுச்சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பின்னரே நம் பெண்கள் சமையலுக்கு எடுத்தார்கள். கஞ்சியின் மாப்பொருள் அந்தத் துளைகளை அடைத்துவிடும் என்பதே அதன் இரகசியம்.

வடியின் பொருளுக்கும் பங்குண்டு. கடதாசி, கோப்பியின் எண்ணெயைத் தடுத்துவிடும். உலோகச் சல்லடை விட்டுவிடும். துணி இரண்டுக்கும் நடுவே நிற்கும். அந்த எண்ணெயிலுள்ள கஃபெஸ்டோல் இரத்தக் கொழுப்பை உயர்த்துவது என்பதால் மருத்துவர்கள் கடதாசியை விரும்புகிறார்கள். கோப்பியின் கனதியை விரும்புகிறவர்கள் துணியை விடமாட்டார்கள்.

இவ்வளவும் பாத்திரத்தைத் தெரிந்தெடுக்கும் வசதி உள்ளவர்களுக்கான பேச்சு. வன்னிப் பெருநிலத்தில் கோப்பிப் பாத்திரம் ஒருபோதும் சுவையை எண்ணித் தெரிவு செய்யப்படவில்லை. அது வழி வந்தவாறு, சாதி வைத்தவாறு, போர் விட்டுவைத்தவாறு மனிதர் கைக்கு வந்தது. சுவை அதன் பின்னே வந்தது.

கோப்பி என்ற சொல்லையே பாருங்கள். தமிழகத்தார் ஆங்கிலத்தை ஒட்டிக் காப்பி என்கிறார்கள். நாம் ஒல்லாந்தரின் உச்சரிப்பை ஒட்டிக் கோப்பி என்கிறோம். அதை ஊற்றிக் குடிக்கும் கோப்பையோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் கோப்பி பயிரிட்டுப் பார்த்துப் பெரிதாக வெல்லவில்லை. 1820களில் ஆங்கிலேயர் கம்பளைப் பக்கத்திலும் கண்ணொறுவையிலும் தோட்டங்களைத் திறந்தனர். அடுத்த அரை நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக அழிந்தன. 1870களின் நல்ல ஆண்டுகளில் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தர் அளவில் இருந்தது. 1869 இல் இலைகளில் செம்புள்ளியாகத் தோன்றிய துருநோய் 1880களில் அந்தத் தொழிலையே முடித்துவிட்டது. தேயிலை வந்தது பிறகு.

மலைநாட்டுக் கோப்பிக்கும் வன்னிக்கும் என்ன தொடர்பு? வழி. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னால் வந்த ஏழை மக்கள் பாக்குநீரிணையைக் கடந்து மன்னார்க் கரையிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் வீதியில் இன்று பயணம் செய்பவர் முருங்கன், மடுச் சந்தி, செட்டிகுளம் என்று கடந்து போவார். வன்னியின் தென்மேற்கு விளிம்பு அது. அந்தக் காலத்தில் குளம் தூர்ந்த, நீர் அரிய, காய்ச்சல் மலிந்த காடு. வாந்திபேதியும் பசியும் வழியில் எத்தனை உயிரைக் கொண்டன என்பதைப் பற்றி அக்காலத்திலேயே அதிகாரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இடையே சண்டை நடந்தது. தோட்டக்காரரைக் குற்றம் சாட்டியவர்களும் காத்தவர்களும் தத்தம் எண்களைச் சொன்னார்கள். டொனொவன் மொல்ட்ரிச் 1989 இல் வெளியிட்ட நூல் இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோப்பித் தொழிலாளரின் கதையைச் சொல்வது. அந்த வழியைப் பற்றி எழுத நினைப்பவர் அதைப் படிக்காமல் எழுதக்கூடாது.

அந்த மக்கள் தாம் நடத்தப்பட்டது எந்தப் பயிருக்காகவோ அந்தப் பானத்தை வழியில் குடித்தவர்கள் அல்லர். அவர்களுடைய சுமையில் சோற்றுச் சட்டி இருந்தது. மண்சட்டி உடைந்தால் அன்றிரவு உலையில்லை. 1914 இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது.

வன்னிக் குடியானவரின் வீட்டில் கோப்பி எப்போது நுழைந்தது என்பதற்கு நாள் குறிக்க முடியாது. வடபகுதிப் புகையிரதம் 1905 இல் வவுனியா வழியாக யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்த பின் கண்டிச் சீமைக் கொட்டை எளிதாக வந்தது எனலாம். முல்லைத்தீவுக்குப் புகையிரதம் போனதே இல்லை. அங்கே எல்லாம் வண்டியிலும் பின்னர் லொறியிலும் போனவை. கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுப்பதுதான் வழக்கம். மண்சட்டியிலோ இரும்புத் தாச்சியிலோ கருக வறுத்து, கொத்தமல்லியும் சிலர் சுக்கும் மிளகும் சேர்த்து, உரலில் இட்டு இடித்து, அரித்து எடுப்பார்கள். வறுப்பதற்கு இரும்பு பாதகமில்லை. அங்கே நீர் இல்லை, ஆகவே கறுப்பு மை ஊறுவதும் இல்லை. வடிப்பதற்குத் தாச்சியை எவரும் எடுத்ததில்லை. கைப்பழக்கத்தில் இவ்வளவு இரசாயனம் அடங்கியிருந்தது.

இந்தத் தூளைச் செம்பிலோ கேத்தலிலோ போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடி வைப்பார்கள். தூள் அடியில் இறங்கியதும் மேலே தெளிந்ததை ஊற்றிக் குடிப்பது ஒருமுறை. துணிவடியில் வடிப்பது மற்றது. பால் கட்டாயமில்லை. சீனி இல்லாத வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். வன்னிக் கிணறுகளின் நீர் பல இடங்களில் வன்னீர். கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஏறும். அந்த நீரிலுள்ள இருகாபனேற்று கோப்பியின் புளிப்பை அடக்கி, சுவையைத் தட்டையாக்கிவிடும். கருக வறுப்பதும் மல்லி சேர்ப்பதும் அந்த நீருக்குப் பொருத்தமாக அமைந்தவை என்று நான் நினைப்பதுண்டு. தீயில் கருகிய கசப்பையும் மல்லி வாசத்தையும் வன்னீரால் அழிக்க முடியாது. புளிப்பும் பூவாசமும் கொண்ட இளவறுவல் எத்தியோப்பியக் கோப்பியை முல்லைத்தீவுக் கிணற்று நீரில் வடித்தால், பீங்கானானாலும் கண்ணாடியானாலும் காசு தண்ணீரோடு போனதுதான்.

குடிக்கும் பாத்திரத்தின் பெயர் பேணி. வசதியுள்ள வீடுகளில் அது மூக்குப்பேணி. பித்தளையிலோ வெள்ளியிலோ செய்து, ஒருபக்கத்தில் சிறு மூக்கு வைத்தது. உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கானது. அழகான பொருள். இன்று புலம்பெயர்ந்தோர் வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பால்மா, மீன் அடைத்து வந்த தகரப் பாத்திரத்துக்கும் நம்மிடம் பேணி என்றே பெயர். பித்தளை மூக்குப்பேணிக்கும் வெறும் தகரப்பேணிக்கும் சொல் ஒன்று. கைகள் வேறு.

வெள்ளி மூக்குப்பேணியைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுபவர்கள் பலர். அது உதடு படாதிருக்க ஏன் செய்யப்பட்டது என்பதை அவர்கள் எழுதுவதில்லை. சுத்தம் என்பார்கள். எச்சிலைப் பற்றிய அந்த எண்ணமே சாதியின் எண்ணமும் ஆகும். பேணிக்கு மூக்கு வைத்து எச்சிலைத் தவிர்த்தவர்கள், தாழ்த்தப்பட்டோர் என்று தாம் ஒதுக்கியவர்களுக்கு அந்தப் பேணியையே கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் அவர்களுக்குச் சிரட்டையிலும் தகரப்பேணியிலும் வெறும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். உள்ளே இருக்க இடமில்லை. வெளியே நின்று குடித்து, தாமே கழுவி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

மேலே சொன்ன பௌதிகத்தை இங்கே கொண்டுவந்து பாருங்கள். ஒரே கிடாரத்து நீர், ஒரே துணிவடி, ஒரே தூள். உள்ளே இருந்தவர் சுடுநீரில் அலம்பிய கண்ணாடியில் குடித்தார். வெளியே நின்றவரின் தகரப்பேணி மெல்லியது. விரலைச் சுட்டுவிட்டு விரைவில் ஆறிப்போகும். தகரத்தின் வெள்ளீயப் பூச்சு தேய்ந்த இடத்தில் இரும்பு வெளிப்பட்டிருக்கும். வெளியே கூரைவிளிம்பில் மழையும் வெயிலும் பட்டுத் தொங்கும் பேணியில் துரு ஏறாமல் இருக்காது. அந்தத் துரு அவருடைய பானத்தில் கரையும். போத்தலின் தடித்த கண்ணாடி முதலில் சூட்டை உறிஞ்சும். ஒடுங்கிய கழுத்தின் வழியே வாசனை மூக்குக்கு எட்டாது. வாசனை இல்லாத கோப்பி வெறும் கசப்பு நீர். சிரட்டை ஒன்றுதான் இந்த மூன்றில் பரவாயில்லை. அது வெப்பம் கடத்தாது, கையைச் சுடாது. ஆனால் உள்ளே ஒட்டிய தேங்காயின் எச்சம் காறிப்போனால் ஒவ்வொரு மிடறிலும் அது தெரியும். ஒரே விலை கொடுத்த இருவர் வேறு வேறு பானத்தைக் குடித்தனர் என்பது உவமை அன்று, உண்மை.

1950களின் நடுப்பகுதியில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் தேநீர்க் கடைப் பிரவேச இயக்கத்தைத் தொடங்கினர். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டப் புத்தகத்தில் எழுதியது கடைவாசலை எட்டப் பத்து ஆண்டுகள் போதவில்லை. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968 இல் சங்கானையில் நடந்த போராட்டமும் பத்திரிகைகளின் பழைய தாள்களில் கிடக்கின்றன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வந்தது. தேநீர் ஒன்றை மற்றவர் குடிக்கும் குவளையில் குடிப்பதற்காக அந்த ஆண்டுகளில் மனிதர் அடிபட்டனர், உயிரும் விட்டனர். சுவையைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

இது குடாநாட்டின் கதை, வன்னியில் இவ்வளவு இறுக்கமில்லை என்று ஒரு வாதம் நெடுங்காலமாக உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் 1936 இல் கிளிநொச்சியில் தொடங்கிய குடியேற்றத் திட்டம் யாழ்ப்பாணத்தில் நிலமும் வேலையும் அற்றவர்களுக்காகவே ஏற்பட்டது. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வந்தவர்கள் மண்வெட்டியோடு ஊர் வழக்கத்தையும் கட்டிக்கொண்டே வந்தார்கள். பின்னர் வேறொரு மக்களும் வந்தனர். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர், 1958 இலும் 1977 இலும் 1983 இலும் வன்செயல்களுக்கு அஞ்சி வடக்கே ஏறினர். 1976 இல் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கத்தில் அவர்களைக் காணிகளில் குடியேற்ற உழைத்தது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கோப்பிக்காக வன்னியின் விளிம்பு வழியே மேலே நடத்திச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நூற்றைம்பது ஆண்டுகளின் பின் அதே வன்னிக்கு அகதிகளாக இறங்கி வந்தனர். நெல்வயலிலும் தோட்டத்திலும் கூலிக்கு நின்றபோது, வேலிக்கு வெளியே தனிப்பாத்திரத்தில் தேநீர் வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. அதை எழுதாமல் வன்னியின் விருந்தோம்பலை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

அலுமினியம் இந்தப் பேதத்தைச் சிறிது தளர்த்தியது என்று சொல்லலாம். 1898 இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அல்பிரட் சற்றர்ட்டன் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியதிலிருந்து, ஈயப்பூச்சு வேண்டாத, பாரமில்லாத, மலிவான பாத்திரம் தெற்காசிய ஏழையின் வீட்டுக்கு வந்தது. அதன் பின்னர் சில்வர். துருப்பிடிக்காத உருக்கின் மேலுள்ள குரோமியம் ஒட்சைட்டுப் படலம் கோப்பிக்கு எதையும் கொடுப்பதில்லை, அதிலிருந்து எதையும் எடுப்பதுமில்லை. சுவையில் பங்கு கேட்காத பாத்திரம் அது. பித்தளையில் குடித்தால்தான் கோப்பி என்று கும்பகோணம் டபராவைக் கொண்டாடும் தமிழக நண்பர்களோடு எனக்கு வழக்கில்லை. நன்றாக ஈயம் பூசிய பித்தளையில் கோப்பி தொடுவது வெள்ளீயத்தைத்தான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

1990 முதல் 2002 வரை வன்னிக்குப் போகும் பொருள்கள் தடையாலும் சோதனையாலும் அரிதாகின. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. விறகே அடுப்பானது. கண்ணாடிப் போத்தல்கள் விளக்காகின. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் பெருந்தொகையினர் அடுத்த ஆண்டில் கடல்நீரேரியைக் கடந்து கிளிநொச்சிக்கும் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் வந்தார்கள். இடம்பெயரும் குடும்பம் எதைத் தூக்கும்? பீங்கான் உடையும். பித்தளை பாரம். அலுமினியக் கேத்தலும் சில்வர்ப் பேணியும் சைக்கிளின் கைபிடியில் தொங்கின. வன்னியிலிருந்து பீங்கானை அகற்றியது புதுநாகரிகம் என்று எவரும் எழுதிவிடக்கூடாது. அது இடப்பெயர்வின் வேலை.

2009 இன் முதல் மாதங்களில் அந்தப் பேணிகளும் வழியில் விடப்பட்டன. மே 18 இல் போர் முடிந்தபின் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் செட்டிகுளத்துக்கு அருகே மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். செட்டிகுளம் என்ற பெயர் மேலே ஒருமுறை வந்ததை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். கோப்பிக் கூலிகள் நடந்த அதே மன்னார் – மதவாச்சி வழியின் ஓரம் அது. முகாம் மக்கள் குடித்தது அருவியாற்று நீர். அந்த ஆறு கடலில் சேர்வது அரிப்புக்கு அண்மையில். உதவி நிறுவனங்கள் அலுமினியப் பானையும் பிளாஸ்டிக் கோப்பையும் வழங்கின. ஆற்று நீருக்குக் குளோரீன் இட்டார்கள். இடாமல் இருந்திருந்தால் வாந்திபேதி பழைய கணக்கை மீண்டும் தொடங்கியிருக்கும். ஆனால் குளோரீன், கோப்பியிலும் தேயிலையிலும் உள்ள பீனோல் வகைப் பொருள்களோடு சேர்ந்தால் மிகச் சிறிய அளவிலேயே மருந்து நெடி எழும். கொதிக்கவைத்து ஆறவிட்ட நீரில் அது குறையும். விறகில்லாத முகாமில் இரண்டுமுறை கொதிக்கவைப்பது யாரால் முடியும்? முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

இன்று ஏ-9 வீதியில் ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை எந்தக் கடையில் நிறுத்தினாலும் கடதாசிக் கோப்பை கிடைக்கும். அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. எடை ஒருசில கிராம். என் கணக்குப்படி அது சூட்டைத் திருடுவதில் மிகக் குறைந்த பாத்திரம். எவர் குடித்தாலும் ஒன்றே. குடித்து முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும். கழுவி வைக்கும்படி எவரையும் கேட்க வேண்டியதில்லை. செத்தவீடுகளில் இரவிரவாகக் கோப்பி ஊற்றும் இளைஞர்களின் கையிலும் இப்போது அதன் அடுக்குகளே.

சிரட்டை மறையவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் உயிர் காத்த அரிசிக் கஞ்சியை நினைவுகூர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரங்களில் கஞ்சி காய்ச்சிப் பலரும் சிரட்டையில் வழங்குகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் சிரட்டையை நீட்டியதற்காகக் கடைவாசலில் மறியல் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே சிரட்டையைத் தாமே முன்வந்து வாங்கிக் குடிக்கிறார்கள்.

கொழும்பின் அலங்காரக் கடைகளிலோ அது வேறு பொருள். அரத்தாளால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி மினுக்கி, அடியில் சிறு பாதம் ஒட்டி, இயற்கைக்குப் பாதகமில்லாத கோப்பிக் கோப்பை என்று வெளிநாட்டாருக்கு விற்கிறார்கள். வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: முதல் நாளில் கோப்பி ஊற்ற வேண்டாம். கொதிநீரை இரண்டு மூன்றுமுறை ஊற்றி ஊறவைத்துக் கொட்டிவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவிட்டபின் குடியுங்கள். இல்லாவிட்டால் காறல் தெரியும்.